லயம் கலைந்த பிறகு வரும் நோய்

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் அபின் வாங்க யாரும் ஒளிந்து போக வேண்டியிருக்கவில்லை. விற்றது அரசாங்கம். சீன வணிகர்களுக்குக் குத்தகையாக விட்டிருந்த அபின் வியாபாரத்தை 1910ஐ ஒட்டி மலாயாவின் பிரிட்டிஷ் நிர்வாகம் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. கங்கைக் கரையில் காசிப்பூர் ஆலையில் கட்டியான அபின் கல்கத்தாவில் ஏலம் போகும். கப்பலேறிச் சிங்கப்பூர் வரும். அங்கே அதைக் காய்ச்சிப் பக்குவப்படுத்தி, புகைப்பதற்கேற்ற சண்டு ஆக்குவார்கள். 1930களில் சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் குன்றில் இருந்த அரசு ஆலை, ஒரு கிராமுக்கும் குறைந்த அளவில் சண்டுவைச் சிறு குழல்களில் அடைத்து அனுப்பியது. அந்தக் குன்றுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்றுதான் பெயர்.

இன்று அதே பொருளை வைத்திருப்பவரை 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டம் சிறைக்கு அனுப்பும். ஒரு கிலோவும் அதற்கு மேலும் பிடிபட்டால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்கு மரண தண்டனைவரை உண்டு. 2023 வரை நீதிபதிக்கு அதில் பெரும்பாலும் வேறு வழி இல்லாமலும் இருந்தது. அரசு முத்திரையோடு விற்ற சரக்கு, மூன்று தலைமுறைக்குள் தூக்குக்கயிறு வரை கொண்டுபோகும் சரக்காகிவிட்டது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே மருத்துவம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பதே இந்தக் கட்டுரையின் அக்கறை. அபினோடு மட்டும் அதை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. அதே வட்டாரத்துப் பத்தாங் பெர்ஜுந்தையில் ஈயம் தோண்டிய சீனத் தொழிலாளிக்குச் சண்டு இருந்ததுபோல, பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளிக்கும் ஒன்று இருந்தது. அது சுருக்குப்பைக்குள் இருந்தது.

அபினுக்கு அன்று கிடைத்த மரியாதையை இன்று நினைத்துப் பார்ப்பது கடினம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நிர்வாகத்தின் வருமானத்தில் சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்து வந்தது. சாலையும் பாலமும் ஆஸ்பத்திரியும் கட்டிய பணத்தில் ஒரு பங்கு, மூங்கில் குழலில் புகை இழுத்தவர்களின் கூலி. பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன் தே, 1906இல் அங்கே அபின் எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். மறு ஆண்டு அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டு, ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் வைத்திருந்ததற்காக அவர்மேலேயே வழக்குத் தொடுத்தார்கள். 1907இல் அமைத்த அபின் ஆணையம் மறு ஆண்டு தந்த அறிக்கை, அபினின் கேடுகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தது. அதன் கண்ணில் பட்ட கேடுகள், அடிமையாவதும் உடல் மெலிவதும் கூலி கரைவதும். புற்றுநோய் என்ற பேச்சே அன்று எழவில்லை.

எழாததில் வியப்புமில்லை. காடு வெட்டவும் ஈயம் தோண்டவும் வந்த சீனத் தொழிலாளி காய்ச்சலுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் முதுகு வலிக்கும் சண்டு இழுத்தான். கண்ட மருந்து அதுதான். மலேரியாவும் பெரிபெரியும் கொள்ளை கொண்டுபோன இடத்தில், புற்றுநோய் வந்து முற்றும் வயதை எட்டியவர்கள் குறைவு. எட்டியவர்களில் பலர் சீனாவுக்குத் திரும்பியிருப்பார்கள். எந்தத் தோட்டத்துப் பதிவேட்டிலும் அந்தச் சாவு ஏறியிருக்காது.

சாட்சியம் பிற்பாடு எங்கிருந்து வந்தது என்பது வியப்புக்குரியது. இந்திய அரசு 1926இல் தன் அபின் ஏற்றுமதியை ஆண்டுதோறும் குறைத்து 1935க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. மலாயா பாரசீக அபினையும் வாங்கத் தொடங்கியது. அதே பாரசீகத்தின், அதாவது ஈரானின், வடகிழக்கு மூலையில் காஸ்பியன் கடலோரம் உணவுக்குழாய்ப் புற்று உலகிலேயே மிக அதிகமாக இருப்பதை 1970களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அங்கே சிலர் அபின் புகைத்த குழலில் படியும் கரிக்கசடைச் சுரண்டி விழுங்கினார்கள். அந்தக் கசடு உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சிதைப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. மலாயாவிலும் ஏழைப் புகைப்பாளர்கள் பணக்காரர் குழலில் மிஞ்சிய கசடைத்தான் வாங்கிப் புகைத்தார்கள்.

பிறகு பெரிய ஆய்வு வந்தது. ஈரானின் கொலெஸ்தான் மாநிலத்தில் 2004க்கும் 2008க்கும் இடையில் 40 முதல் 75 வயதுவரையிலான 50,045 பேரைப் பதிவுசெய்து, ஆண்டுதோறும் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 17 சதவீதம் பேர் அபின் பழக்கம் உள்ளவர்கள். பத்து ஆண்டு தொடர்கண்காணிப்பின் முடிவு 2020இல் வெளியானது. சிகரெட் போன்ற மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், அபின் பழக்கம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவை, அபின் உட்கொள்வதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பட்டியலில் சேர்த்தது. நுரையீரல், குரல்வளை, சிறுநீர்ப்பை மூன்றுக்கும் போதிய சான்று உண்டு. உணவுக்குழாய், இரைப்பை, கணையம், தொண்டை நான்குக்கும் சான்று ஓரளவு உண்டு.

மிகைப்படுத்தப்பட்ட கேடு என்று 1908இல் சொன்னதிலிருந்து, முதல் வகை என்று 2020இல் சொன்னதுவரை 112 ஆண்டு. அதற்குள் மலாயாவில் சண்டு இழுத்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 1943 நவம்பரில், ஜப்பானியர் கையில் மலாயா இருந்தபோதே, மீண்டும் வந்தால் அபினை முழுமையாகத் தடை செய்வோம் என்று பிரிட்டன் அறிவித்தது. 1946இல் அதைச் செய்தது. ஒரு தலைமுறையின் வழக்கம் ஓர் அறிவிப்பால் கடையை மூடிக்கொண்டது. கள்ளச் சரக்கு உடனே ஓய்ந்துவிடவில்லை. பிறகு ஹெராயின் வந்தது, இன்று சியாபு வந்திருக்கிறது. அவை தனிக்கதை. ஆனால் அரசு விற்கும் சண்டு, முதுகு வலிக்குக் கேட்டு வாங்கும் சண்டு, அத்தோடு போயிற்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இது பெரும் குழப்பம். முற்றிய புற்றுநோயின் வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மார்பினும் கசகசாச் செடியிலிருந்து வருவதுதான். அபின் குடித்தால் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு, வலியில் துடிக்கும் தாய்க்கு மார்பின் வேண்டாம் என்று மறுக்கும் பிள்ளைகள் உண்டு. முகவை பார்த்தது ஆண்டுக்கணக்கில் புகைத்தும் விழுங்கியும் வந்த அபினை. அளவு பார்த்துக் கொடுக்கும் வலிமருந்தை அது பார்க்கவில்லை. 1991இல் தொடங்கிய ஹாஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகளின் செவிலியர்கள் வீடு வீடாகப் போய்ச் செய்யும் வேலையில் பாதி, இந்தப் பயத்தைப் போக்குவதாகவே இருக்க முடியும்.

இனி சுருக்குப்பை.

இந்த வட்டாரத்தின் தோட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியேவிடம் தொடங்குவது வழக்கம். ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டவர், 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர், மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றவர். அந்த நிலத்தைத் திருத்தி அந்த மரங்களை வளர்த்தவர்கள், கங்காணி கூட்டிவந்த தமிழர்கள். 1920களின் கடைசியில் அவர்களுடைய நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இன் மந்தத்தில் அதுவும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

விடியுமுன் பெரட்டு, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் சடங்கு. இருட்டிலேயே தலைவிளக்கோடு நிரைக்குப் போக வேண்டும், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் நின்றுவிடும். சோறு பதினொரு மணிக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தின் பசியையும் அட்டைக்கடியையும் கொசுவையும் ஆற்றியது சுருக்குப்பையிலிருந்து எடுத்து வாயில் அடக்கிய வெற்றிலை. அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகுப்புறம் விரல்நுனியால் சுண்ணாம்பை மெல்லத் தடவுவார்கள். பாக்குவெட்டியில் நறுக்கிய கொட்டைப்பாக்கு இரண்டு துண்டு. கடைசியில் கறுத்துப் பிசுபிசுத்த பொயிலை ஒரு கிள்ளு. எல்லாவற்றையும் மடித்துக் கடைவாயில் செருகி, கன்னத்தின் உட்புறத்தில் அடக்கிக்கொள்வார்கள். பல் போன கிழவிகளுக்குச் சின்ன இடியுரல் உண்டு. சிலர் அதை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவார்கள். இரவு முழுவதும் சாறு ஒரே இடத்தில் ஊறும். மருத்துவர்கள் அதிகமாக அஞ்சும் வழக்கம் இதுதான்.

ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போனார்கள், பீடி குடித்தார்கள். பெண்களுக்குக் கள்ளும் பீடியும் ஊர் ஒப்பாத வழக்கம். வெற்றிலை ஒப்புக்கொண்ட வழக்கம், மங்கலத் தாம்பாளத்தில் முதலில் வைப்பதே அதுதானே. இதனால் நேர்ந்தது என்ன என்பதை மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2002 முதல் அறிக்கைக்கு அறிக்கை சொல்லிவருகிறது: வாய்ப்புற்று விகிதம் இந்தியப் பெண்களிடத்தில் மற்ற இனப் பெண்களைவிடப் பன்மடங்கு. உலகின் பெரும்பாலான இடங்களில் வாய்ப்புற்று ஆண்களின் நோய். இங்கே அது நம் அம்மாக்களின், ஆயாக்களின் நோய்.

அபினில் தாமதித்ததுபோல இதில் அறிவியல் தாமதிக்கவில்லை. அதுதான் நெஞ்சை அறுப்பது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், நெய்யூர் என்ற ஊரில் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்று உண்டு. எவரெஸ்ட் ஏற முயன்ற சோமர்வெல் அறுவை சிகிச்சை செய்த ஆஸ்பத்திரி அது. அங்கே வாய்ப்புற்று நோயாளிகள் நிறைய வந்தார்கள். ஐ. எம். ஓர் என்ற மருத்துவர் அவர்களிடம் வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தைத் துருவிக் கேட்டு, 1933இல் லான்செட் இதழில் எழுதினார். நோய் கன்னத்தின் எந்தப் பக்கத்தில் வந்தது, அடக்கிக்கொள்வது எந்தப் பக்கம் என்பதுவரை அன்றைக்கே மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1933இல் கோல சிலாங்கூரின் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் நெய்யூர் நோயாளிகளைப் போலவே வெற்றிலை மடித்தவர்கள். அந்தக் கட்டுரை கடல் கடந்து லயத்துக்கு வரவில்லை. தோட்டத் துரை அதைப் படித்திருக்கமாட்டார். படித்திருந்தாலும், பசியை அடக்கி வேலை வாங்கும் ஒரு வழக்கத்தை நிறுத்தச் சொல்ல அவருக்கு என்ன காரணம் இருந்தது?

1985இல் அனைத்துலக முகவை, புகையிலை சேர்ந்த வெற்றிலையை முதல் வகையில் வைத்தது. 2004இல் வெளியான தொகுதியில், புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கையும், தனியே கொட்டைப்பாக்கையும் அதே வகையில் சேர்த்தது. நம்மவர்கள் பலருக்கு இன்னும் எட்டாத செய்தி இந்த இரண்டாவதுதான். பொயிலையை விட்டுவிட்டேன், பாக்கு மட்டும்தான் என்று ஆறுதலோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள் வாயின் உட்சதையை நாராக்கி இறுக்குகிறது. சுண்ணாம்பின் காரம் அதை மேலும் தூண்டுகிறது. சதை இறுக இறுக வாய் திறப்பது குறையும். மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக அடுக்கிப் பல்வரிசைகளுக்கு நடுவே வைக்க முடியாவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த இறுக்கம் பழக்கத்தை விட்டாலும் முழுமையாக இளகாது. வாயில் தோன்றும் வெண்படலம் வேறு மாதிரி: தொடக்கத்திலேயே பழக்கத்தை விட்டால் சிலருக்கு மறைந்தும் போகும்.

கள்ளைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. சண்டு சீனத் தொழிலாளியின் கூலியைத் திரும்ப வாங்கியது போலக் கள் தமிழ்த் தொழிலாளியின் கூலியைத் திரும்ப வாங்கியது. தோட்டத்துக்குள்ளேயே கடை. 1941இல் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டாரப் போராட்டம் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவியபோது, கூலி உயர்வோடு சேர்ந்து வந்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டளையை எடு என்பதும் ஒன்று. நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளம் சுட்டது, உயிர்கள் போயின. போருக்குப் பிறகு கெடாவில் இளைஞர்களின் தொண்டர் படை கள்ளுக்கடை முன் மறியல் செய்தது. அந்த இளைஞர்களுக்கு மதுவும் முதல் வகைப் புற்றுக்காரணி என்பது தெரிந்திருக்க வழியில்லை, அது 1988இல் வந்த முடிவு. புகையிலையும் மதுவும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றின் ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது என்பதும் பிற்பாடு வந்த அறிவு. அவர்கள் பார்த்தது, சம்பள நாளின் மாலையில் வெறுங்கையோடு வந்த அப்பாவை.

கள்ளை எதிர்த்து ஊர்வலம் போனோம். அரசு சண்டுவை நிறுத்தியது. வெற்றிலைப் பையை எதிர்த்து யாரும் ஊர்வலம் போகவில்லை. நானும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்தவருக்கு முதலில் நீட்டும் தட்டை எதிர்த்து எப்படி ஊர்வலம் போவது?

இந்த நோயின் இன்னொரு குணம் தாமதம். பழக்கம் இருபது வயதில் தொடங்கும். புண் ஐம்பதில், அறுபதில் ஆறாமல் நிற்கும். இந்த இடைவெளிதான் கோல சிலாங்கூரில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது, ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் தோட்டமே போய்விட்டது.

முதலில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரு குடும்பமே சேர்ந்து பார்த்த பால்வெட்டு வேலைக்குப் பதில், குலை அறுக்கும் ஆண் வேலை. பிறகு செம்பனைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பிறகு நிலமே வீடமைப்பாகவும் பல்கலைக்கழகமாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறியது. பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது, சிலாங்கூர் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. புஞ்சாக் ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம். 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக்கிலிருந்து தலைநகர எல்லைக்கு வர அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகலாம். லயத்தில் இருந்தவர்கள் தாமான் என்ற குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள்.

இழந்ததை இங்கே சரியாக எடைபோட வேண்டும். பழைய தோட்டத்தை நினைத்து ஏங்குவது எனக்கு உடன்பாடில்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் டாக்டர் இருக்கமாட்டார், டிரஸர் என்ற மருத்துவ உதவியாளர் இருப்பார். வெள்ளை மிக்ஸரும் கருப்பு மிக்ஸரும் எல்லா நோய்க்கும் மருந்து. வாயில் ஆறாத புண் என்று ஒரு கிழவி போனால், அவர் தடவக் கொடுத்தது வயலட் மருந்தாக இருந்திருக்கும். ஆனால் தோட்டத்தில் ஒரு நன்மை இருந்தது. ஆட்கள் ஒரே இடத்தில் இருந்தார்கள். காலையில் எல்லாரும் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். யாருடைய வாய் நாற்றமெடுக்கிறது, யார் சோற்றை மெல்ல முடியாமல் கஞ்சிக்கு மாறினார் என்பது பக்கத்து லயத்துக்குத் தெரியும். மருத்துவக் குழு வந்தால் ஒரே நாளில் ஒரு தோட்டத்தையே பார்த்துவிட்டுப் போகலாம்.

அப்படித்தான் பார்க்கவும் செய்தார்கள், காலம் கடந்து. 1993, 94இல் நாடு தழுவிய வாய்நோய் ஆய்வில் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரைச் சோதித்தபோது, புற்றுக்கு முந்தைய நிலை இந்தியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருந்தது. சீனர்களில் இருநூற்றுக்கு ஒருவர். சண்டுவின் காலத்தில் கவலைக்குரியவர்களாகக் கருதப்பட்ட சீனச் சமூகத்தின் வாய் இந்தக் கணக்கில் நாட்டிலேயே சுத்தமானது, நம்முடையது மிக மோசமானது. அந்த ஆய்வுக்குப் பிறகு 1997இல் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவு, வாய்ப்புற்றை முன்கூட்டிக் கண்டறியும் திட்டத்தைத் தொடங்கித் தோட்டப்புற இந்தியர்களையும் சபா, சரவாக் பூர்வகுடிகளையும் குறிவைத்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் வாய்ப்புற்று ஆய்வு மையம் 2005இல் வந்தது.

செய்வது எளிய சோதனை. ஊசி இல்லை, இரத்தம் இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து, டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து, உதட்டின் உட்புறம், இரண்டு கன்னம், நாக்கின் மேலும் கீழும் பக்கவாட்டிலும், அண்ணம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம். சிவப்புத் திட்டு, வெண்படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், இவற்றைத்தான் தேடுகிறார்கள். இப்போது அதற்குக் கைப்பேசியும் வந்துவிட்டது. கேன்சர் ரிசர்ச் மலேசியா உருவாக்கிய மெமோசா என்ற செயலியில் வாயைப் படம் பிடித்து அனுப்பினால், தொலைவில் உள்ள நிபுணர் பார்த்துச் சொல்வார்.

ஆகவே இன்று அறிவும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. அன்று வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு என்றால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். இன்று தஞ்சோங் காராங்கில் ஒரு மருத்துவமனை, சுங்கை பூலோவில் ஒரு பெரிய மருத்துவமனை, புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம். இல்லாதது பெரட்டுக்களம். திட்டம் தோட்டத்தைத் தேடி வந்தபோது தோட்டம் கலைந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டு பால் வெட்டிய பெண் இன்று நான்காவது மாடியில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரப்பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்காக, வெற்றிலையை யாரும் பார்க்காதபோது போடுகிறார். பொது இடத்திலிருந்து அந்த வழக்கம் மறைந்தது நன்மை. அதோடு அந்த வாயும் பார்வையிலிருந்து மறைந்தது. மலேசியாவில் வாய்ப்புற்று நோயாளிகளில் பெரும்பாலோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். முதல் கட்டத்தில் வந்தால் ஒரு சிறு அறுவையோடு முடியக்கூடியது, நான்காம் கட்டத்தில் தாடையை எடுக்க வைக்கிறது.

இளைய தலைமுறை வெற்றிலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. இது பெரிய வெற்றி, இதற்குச் சட்டமும் காரணமில்லை, பிரசாரமும் அவ்வளவாகக் காரணமில்லை. பள்ளியும் தொழிற்சாலை வேலையும் கறைபடாத பல்லின் மேல் வந்த ஆசையும் காரணம். ஆனால் மிச்சம் இருப்பவர்களுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இந்த நோய் வந்துகொண்டிருக்கும். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் சங்கங்கள் மாவட்டப் பல் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிப் பக்கத்தில் ஒரு நாற்காலிக்கும் டார்ச்சுக்கும் இடம் தரலாம். லயம் கலைந்த பிறகும் பழைய தோட்டத்து ஆட்கள் எல்லாரும் ஒன்றுகூடும் இடம், ஆண்டுக்கொரு முறை தீமிதியன்று அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோயில்தான்.

லயங்கள் முழுமையாகக் காலியாகிவிடவில்லை. நம்மவர்கள் போன இடத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். 50 காசு நாட்கூலியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். வேலைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளியின் மருத்துவச் சோதனையில் காசநோய் பார்க்கிறார்கள், மலேரியா பார்க்கிறார்கள், சிறுநீரில் அபின் வகை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். 1908இன் அறிக்கையை எழுதியவர்கள் இதைக் கண்டால் நம்பியிருக்கமாட்டார்கள். பங்களாதேஷ் இளைஞர்களில் சிலர், நம் பாட்டிகளைப் போலவே, பாக்கும் சுண்ணாம்பும் சர்தாப் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குலை அறுக்கப் போகிறார்கள். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு, நோய் முப்பது ஆண்டுகள் கழித்து. அது வரும்போது அவர்கள் சில்ஹெட்டிலோ நோவாகாளியிலோ இருப்பார்கள், கோல சிலாங்கூரின் எந்தக் கணக்கிலும் அது ஏறாது. பல் மருத்துவக் குழு அடுத்த முறை தோட்டத்துக்குள் போகும்போது, அந்தப் பிள்ளைகளையும் அதே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.